பத்துத் தோட்டா ரைஃபிள்: லீ-என்ஃபீல்டு மேகசின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நாளில் என்.சி.சி. அணிவகுப்புக்காக என் தோளில் ஏற்றப்பட்டது ஒரு பழைய த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 அங்குலத் தோட்டாவுக்கான லீ-என்ஃபீல்டு ரைஃபிள். சுட முடியாதபடி குழலில் துளை போட்டிருந்தார்கள். ஏறக்குறைய நான்கு கிலோ எடை. தோள்வலி அந்த வருடத்தோடு போய்விட்டது. ஆனால் வயிற்றுக்குக் கீழே பெட்டி துருத்திக்கொண்டிருந்த அந்த ரைஃபிள் மேல் பிடித்த ஆர்வம் போகவில்லை. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்: உறவுக்காரப் பையன், வங்கிக் காவலர், ஓய்வு பெற்ற ஏட்டு. அவர்கள் கேட்ட வார்த்தைகளை முடிந்தவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. போல்ட் ஆக்‌ஷன், போல்ட் ஆக்‌ஷன் என்கிறீர்களே, அது என்ன?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி மடக்குகிறோம் அல்லவா? அதே வேலைதான். பின்னால் இழுக்கும்போது சுட்டு முடித்த வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளும்போது மேகசினின் உச்சியில் காத்திருக்கும் தோட்டா குழலின் பின்வாய்க்குள் போகும். மடக்கியதும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வேறு குடும்பம்; அவை இந்தப் பக்கத்தில் வரப்போவதில்லை.

2. மேகசின், கிளிப், சார்ஜர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மேகசின் என்பது ரைஃபிளோடு இருக்கும் பெட்டி. அடியில் ஒரு ஸ்பிரிங் இருந்து தோட்டாக்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சார்ஜர் என்பது ஐந்து தோட்டாக்களின் பின்பகுதியைக் கவ்விப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டுப் பட்டை. போல்டைத் திறந்து, பட்டையை மேலே செருகி, கட்டைவிரலால் அழுத்தினால் ஐந்து தோட்டாக்களும் ஒரே வழுக்கில் மேகசினுக்குள் இறங்கிவிடும். பட்டை வெளியே விழுந்துவிடும். பிரிட்டிஷார் சார்ஜர் என்றதை அமெரிக்கர்கள் கிளிப் என்றார்கள்.

சினிமாவில் மேகசினைக் கிளிப் என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் குழப்பி வைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதன் மேல்தான் நிற்கிறது.

3. மற்ற நாடுகள் எல்லாம் ஐந்து தோட்டாவோடு நின்றபோது லீ-என்ஃபீல்டுக்கு மட்டும் எப்படிப் பத்து வந்தது?

பெட்டியை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைக்கு முன்னால் கீழே தொங்கும் தனி எஃகுப் பெட்டிக்கு 1879-இல் காப்புரிமை பெற்றார். கீழே தொங்குகிற பெட்டியைத் தேவைக்கேற்ப ஆழமாக்கிக்கொள்ளலாம். ஜெர்மனியின் மாசர் 1898 ரைஃபிளில் மேகசின் ரைஃபிளின் மர உடலான கட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கும், அடிப்பாகம் வழவழவென்று சமமாக இருக்கும். பார்க்க அழகு, தூக்கிக்கொண்டு நடக்கவும் வசதி. ஆனால் கட்டையின் தடிமனுக்குள் ஐந்து தோட்டாவுக்கு மேல் இடம் இல்லை.

பிரிட்டன் 1888-இல் எடுத்துக்கொண்ட லீ-மெட்ஃபோர்டில் முதலில் எட்டுத் தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. 1892-இல் வந்த இரண்டாம் வகையில் அவற்றை இரண்டு வரிசையாக, மாற்றி மாற்றி அடுக்கினார்கள், பத்து ஆயிற்று. புதிதாக வந்த கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தின் சூடு குண்டைச் சுழலவிடக் குழலுக்குள் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் வடிவமைத்த ஆழமில்லாத வரிப்பள்ளங்களைத் தின்றுவிட்டதால், 1895-இல் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையின் வரிப்பள்ளம் வந்தது. பெயரும் லீ-என்ஃபீல்டு ஆனது. அதன் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் இந்தப் பத்து மாறவில்லை.

4. ஐந்தை விடப் பத்து இரண்டு மடங்கு நல்லது. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான். பெட்டியில் எத்தனை பிடிக்கும் என்பதைவிட, காலியான பெட்டியை எவ்வளவு சீக்கிரம் நிரப்பலாம் என்பதே ஒரு போல்ட் ரைஃபிளின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய்கள் செய்த வேகச் சூட்டுப் பயிற்சி ஒன்று உண்டு. பின்னாளில் ‘பைத்தியக்கார நிமிடம்’ என்று பெயர் பெற்றது அதுதான். 300 கஜத் தூரத்தில் உள்ள இலக்கின் மேல் ஒரு நிமிடத்தில் 15 முறை சுட வேண்டும். எல்லோரும் பத்து நிரப்பிக்கொண்டு தொடங்கியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1909-ஆம் ஆண்டு விதிமுறையில் இருப்பது வேறு: குழலில் ஒன்று, மேகசினில் நான்கு, அதன் பிறகு பையிலிருந்து ஐந்து ஐந்தாக நிரப்ப வேண்டும். லீ-என்ஃபீல்டின் புகழுக்கே காரணமான அந்தப் பயிற்சி பாதிக் காலியான மேகசினோடுதான் தொடங்கியது.

அப்படியானால் பத்தால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. மாசர்க்காரர் இரண்டு தோட்டா சுட்டிருந்தால் உள்ளே மூன்று மிச்சம். ஐந்து தோட்டாச் சார்ஜர் அதற்கு மேல் இறங்காது. ஒன்று கையால் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டுக்காரர் பத்தில் ஐந்தைச் சுட்டதும் ஒரு சார்ஜரை இறக்கி மறுபடி பத்தாக்கிக்கொள்வார். அவர் கையில் இருக்கும் துப்பாக்கி முழுதாகக் காலியாகவே வேண்டியதில்லை. சண்டை மூளும்போது கையில் பத்து இருப்பதும் லாபம்தான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நிரப்பும் வேலை ஒன்றேதான்.

5. போயர் போரில் பத்துத் தோட்டா ரைஃபிளை ஐந்துத் தோட்டா ரைஃபிள் திணறடித்தது என்று படித்தேன். அது எப்படி?

மேலே உள்ள பதிலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் சிப்பாயிடம் இருந்த நீள லீ-மெட்ஃபோர்டிலும் லீ-என்ஃபீல்டிலும் பத்துத் தோட்டா மேகசின் இருந்தது. சார்ஜர் இல்லை. பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். எதிரே நின்ற போயர் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர்) விவசாயியின் 7 மில்லிமீட்டர் மாசரில் ஐந்துதான், ஆனால் ஒரே அழுத்தில் ஐந்தும் உள்ளே போயின. முதல் பத்து வெடிக்குப் பிறகு யார் முந்துவார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தூரச் சூட்டில் போயர்களுக்கு இருந்த பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1899 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் ஸ்டோர்ம்பெர்க், மாகர்ஸ்ஃபான்டைன், கொலென்சோ என்று மூன்று இடங்களில் பிரிட்டிஷார் தோற்றார்கள். போரில் கடைசியில் வென்றது பிரிட்டன்தான், அதற்கு ரைஃபிள் காரணமல்ல.

கொலென்சோவில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. ஏறக்குறைய 1,100 பேர், அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள் என்பதை நினைத்தால், மாசர் குண்டு என்ன செய்யும் என்பதை முதலில் அருகில் பார்த்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள்.

பாடம் உடனே ஏறியது. 1902 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற குட்டை லீ-என்ஃபீல்டில் சார்ஜர் செருகும் வழி வந்துவிட்டது. 1907-இல் வந்த மூன்றாம் வகைதான் உலகம் அறிந்த வடிவம். நான் தோளில் சுமந்ததும் அதன் வாரிசுதான்.

6. மேகசின்தான் கழற்ற வருகிறதே. ஆளுக்கு நான்கு மேகசின் கொடுத்து மாற்றச் சொல்லியிருக்கலாமே?

இன்றைய துப்பாக்கிகளைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும் நியாயமான கேள்வி. ஆனால் அன்றைய மேகசினின் மேல் உதடுகள் அந்தந்த ரைஃபிளுக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டவை. லேசாக வளைந்தாலும் தோட்டா ஒழுங்காக ஏறாது. சிப்பாய் தொலைத்துவிடுவார் என்ற பயமும் இருந்தது. தொடக்க கால ரைஃபிள்களில் மேகசினை ஒரு சங்கிலி வளையத்தால் துப்பாக்கியோடு கட்டியே வைத்திருந்தார்கள்! ஒரு ரைஃபிளுக்கு ஒரு மேகசின். கழற்றுவது சுத்தம் செய்வதற்கு மட்டும்.

சார்ஜரோ வெறும் தகடு. விழுந்தால் குனிந்து எடுக்கக்கூட வேண்டாம். தோளில் மாட்டும் ஒரு துணிப் பட்டையில் ஐந்து பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சார்ஜர், ஆக 50 தோட்டாக்கள். மேகசின்களாகக் கொடுத்திருந்தால் அதே 50-க்கு ஐந்து எஃகுப் பெட்டிகளின் எடையும் சேர்ந்திருக்கும்.

7. பழைய ரைஃபிள்களில் மேகசினையே மூடிவிடும் ஒரு தகடு இருக்கிறதாமே? பத்தைக் கொடுத்துவிட்டு அதை ஏன் மூட வேண்டும்?

தோட்டாவை வீணாக்கிவிடுவார்கள் என்ற அச்சம். கட்-ஆஃப் என்ற அந்தத் தகட்டை உள்ளே தள்ளினால் மேகசினிலிருந்து தோட்டா மேலே வராது. சிப்பாய் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். எதிரி நெருங்கிவிட்டால் அதிகாரி உத்தரவிடுவார், தகட்டை வெளியே இழுத்துச் சேமித்து வைத்த பத்தையும் பயன்படுத்தலாம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு உண்டியல் வாங்கிக் கொடுத்துச் சாவியை அப்பா வைத்துக்கொள்வது மாதிரி.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903-லும் இந்த ஏற்பாடு இருந்தது, எனவே இது பிரிட்டிஷாரின் கஞ்சத்தனம் மட்டுமல்ல. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் இந்த யோசனைக்கு வேலையில்லாமல் போயிற்று. போர் நடுவில் வந்த எளிமையாக்கப்பட்ட வகையில் இங்கிலாந்து அந்தத் தகட்டை விட்டுவிட்டது.

8. மோன்ஸ் சண்டையில் ஜெர்மானியர்கள் இந்த ரைஃபிள் சத்தத்தை இயந்திரத் துப்பாக்கி என்று நினைத்துவிட்டார்களாமே, உண்மையா?

1914 ஆகஸ்ட் 23, பெல்ஜியத்தின் மோன்ஸ். நல்ல பயிற்சி பெற்ற சிறிய பிரிட்டிஷ் படை வேகமாகவும் குறிபார்த்தும் சுட்டது என்பதில் சந்தேகமில்லை. ஒரு பட்டாலியனுக்கு இரண்டே இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த காலம் அது. இயந்திரத் துப்பாக்கி என்று எதிரி மிரண்டதாகச் சொல்லும் கதை பெரும்பாலும் பிரிட்டிஷ் தரப்பிலிருந்தே வருகிறது. ஜெர்மானியப் பதிவுகளை ஆராய்ந்த சில வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், கதையில் பாதியை ரைஃபிளுக்கும் மீதியைச் சொன்னவர்களின் பெருமைக்கும் கொடுத்துவிடலாம்.

வேகத்துக்கு மேகசின் மட்டும் காரணமல்ல. லீயின் போல்ட் கைப்பிடியை ஏறக்குறைய 60 பாகை தூக்கினால் போதும், மாசரில் 90. கைப்பிடி முடியும் இடம் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தூக்கிய கை விசைக்குத் திரும்ப அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. போல்டை மூடும்போதுதான் ஸ்பிரிங் இறுகும், ஆகவே திறப்பது லேசாக இருக்கும்.

9. பத்து நல்லது என்றால் இருபது இன்னும் நல்லதுதானே?

செய்து பார்த்துவிட்டார்கள். பதுங்குகுழிப் போரில் லீ-என்ஃபீல்டுக்கு 20 தோட்டா மேகசினும், ஜெர்மன் மாசருக்கு அடியில் பொருத்தும் நீண்ட மேகசினும், விமானப் படைக்காக ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 25 தோட்டா மேகசினும் செய்யப்பட்டன. எதுவும் நிலைக்கவில்லை.

தரையில் குப்புறப் படுத்துச் சுடுகிறவருக்கு நீண்ட பெட்டி மண்ணில் இடிக்கும். தலையை இன்னும் உயர்த்த வேண்டிவரும், அதை யாரும் விரும்பமாட்டார்கள். ரைஃபிளை ஒரு கையில் தூக்கும்போது கை பிடிக்கும் இடத்திலேயே பெட்டி நிற்கும். ஒரு .303 தோட்டா சுமார் 25 கிராம். 20 என்றால் அரைக் கிலோ நடுவில் தொங்கும். ஸ்பிரிங் நீளமாக நீளமாகச் சேறு புகுந்தால் தோட்டாவை மேலே தள்ளத் திணறும். அதை நிரப்ப நான்கு சார்ஜர் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கையால் போல்டை இயக்குகிறவருக்குப் பத்துக்கு மேல் கிடைக்கும் லாபம் குறைவு, தொல்லை அதிகம்.

10. போல்ட் ரைஃபிள்களில் லீ-என்ஃபீல்டைவிடப் பெரிய மேகசின் யாரிடமும் இருந்ததில்லையா?

இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஷ்மிட்-ரூபின் 1889 ரைஃபிளில் 12. ஆறு தோட்டா பிடிக்கும் சார்ஜர் இரண்டு போட்டால் நிரம்பிவிடும். 1911-இல் வலுவான புதிய தோட்டாவுக்காக ரைஃபிளை மாற்றியமைத்தபோது அதை ஆறாகக் குறைத்துவிட்டார்கள். அன்று பன்னிரண்டை வைத்திருந்த ராணுவம் தானாகவே முன்வந்து பாதியாகக் குறைத்துக்கொண்டது! ஒரு சார்ஜர், ஒரு மேகசின் என்று கணக்கு நேராகிவிட்டது.

பிரான்சின் லெபெல் 1886-இல் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் எட்டுத் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். முதல் எட்டு நன்றாகத்தான் போகும். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திணிக்க வேண்டும். அதன் தம்பியான பெர்த்தியே ரைஃபிளில் முதலில் மூன்று, 1916-இல் ஐந்து. பிரெஞ்சுக்காரர்களே எட்டிலிருந்து ஐந்துக்கு வந்து சேர்ந்ததன் காரணம் நான்காம் கேள்வியில் இருக்கிறது.

11. த்ரீ நாட் த்ரீ அடிக்கடி மாட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஏட்டு சொல்வார். பத்துத் தோட்டா போட்டதுதான் காரணமா?

எண்ணிக்கை காரணமல்ல, தோட்டாவின் வடிவம் காரணம். .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், போல்ட் மேலே உள்ளதைத் தள்ளும்போது அது கீழே உள்ளதையும் இழுத்துக்கொண்டு சிக்கிக்கொள்ளும். அவசரத்தில் கையால் நிரப்பும்போதுதான் இது நடக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் போடும்போது அதன் விளிம்பு முந்தையதற்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜரில் தோட்டாக்களின் விளிம்புகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்குவது இதற்காகத்தான். அதனால் பட்டையை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். இதே விளிம்புத் தொல்லை இருந்த ரஷ்யாவின் மோசின்-நாகந்தில், மேல் தோட்டா போகும்வரை அடுத்ததைத் தடுத்து நிறுத்தும் தனி உறுப்பு ஒன்றை வைத்தார்கள். அது ஐந்து தோட்டா ரைஃபிள், ஒற்றை வரிசை. விளிம்புள்ள தோட்டாவைப் பத்தாக, இரண்டு வரிசையில் வைத்து ஓட்டியது லீயின் பெட்டியின் சாதனை என்றுதான் சொல்வேன்.

12. பத்து அவ்வளவு நல்லதென்றால் பிரிட்டனே அதைக் கைவிடப் பார்த்தது ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் எனக்குச் சந்தோஷம். போயர் போரில் பட்ட அடியில் மாசர் மேல் ஒரு மோகம் வந்துவிட்டது. 1913-இல் மாசர் பாணியில் .276 தோட்டாவுக்கு ஒரு புதிய ரைஃபிளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் ஐந்துதான். தூரத்தில் துல்லியம்தான் முக்கியம், பத்து தேவையில்லை என்பது மாசர் பக்கம் நின்றவர்களின் வாதம். உலகப் போர் வந்ததால் திட்டம் நின்றது. அந்த வடிவத்தையே .303-க்கு மாற்றி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்து வாங்கினார்கள். அதுதான் பேட்டர்ன் 14. துல்லியத்துக்காகக் குறிபார்த்துச் சுடுபவர்கள் விரும்பினார்கள், காலாட்படையின் பெரும்பகுதி லீ-என்ஃபீல்டோடே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அதே ரைஃபிளைத் தன்னுடைய விளிம்பில்லாத .30-06 தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டது. தடித்த விளிம்பு போனதும் ஐந்து பிடித்த அதே பெட்டியில் ஆறு பிடித்தது. அமெரிக்கச் சார்ஜரில் ஐந்துதான். ஆறாவது வேண்டுமானால் கையால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

13. சிறைக் காவலர் வைத்திருந்த பழைய மஸ்கட்டில் மேகசினுக்குள் மரக்கட்டை இருந்ததாகத் தாத்தா சொன்னார். நம்பலாமா?

நம்பலாம். பிரிட்டிஷ் ஆட்சியில் வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டுகளை .410 அளவு வரியில்லாக் குழலுக்கு மாற்றிக் காவல் பணிகளுக்குக் கொடுத்தது; மஸ்கட் என்று சொன்னது அதைத்தான். மேகசினில் மரக்கட்டையை அடைத்துவிட்டார்கள். ஒரு தோட்டா போடு, சுடு, மறுபடி ஒன்று போடு. அந்தத் தோட்டாவைச் சாதாரண .303 ரைஃபிளில் பயன்படுத்தவும் முடியாது.

ஏழாவது பதிலில் சொன்ன கட்-ஆஃப் சொந்தச் சிப்பாயின் மேல் இருந்த சிக்கனம். இந்த மரக்கட்டை வேறு. 1857-க்குப் பிறகு இந்தியர் கையில் எந்த ஆயுதத்தை, எவ்வளவு தூரம் நம்பிக் கொடுக்கலாம் என்பதில் ஆட்சியாளர்கள் எப்போதும் கவனமாக இருந்தார்கள். அதே தொழிற்சாலை, அதே உடல், அதே பெட்டி; பத்தா ஒன்றா என்பது யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்து முடிவாயிற்று. மேகசின் கொள்ளளவைப் பொறியாளர்தான் தீர்மானிக்கிறார் என்று நினைத்திருந்த எனக்கு அந்த மரக்கட்டையைப் பற்றிப் படித்த நாள் மறக்கவில்லை.

14. இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிளில் 12 என்கிறார்கள். பத்து எப்படிப் பன்னிரண்டாயிற்று?

1962 சீனப் போரின்போது நம் சிப்பாய்களில் பலரிடம் இருந்தது .303தான். அதற்குப் பிறகு தானியங்கி ரைஃபிள்கள் போதுமான அளவு வந்து சேரும்வரை இடைக்கால ஏற்பாடாக, லீ-என்ஃபீல்டு மூன்றாம் வகையையே வலுவான எஃகில், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இஷாப்பூரில் செய்தார்கள். முதலில் 2ஏ, தூரக் குறிக் கருவியை 800 மீட்டர் அளவுக்குச் சுருக்கிய பிறகு 2ஏ1. இந்தத் தோட்டாவுக்கு விளிம்பு இல்லை என்பதால் சாய்ந்த முகம் கொண்ட பழைய மேகசினுக்குப் பதிலாகச் சதுரமான பெட்டி வந்தது, அதில் 12 பிடிக்கும்.

ஆனால் சார்ஜரில் ஐந்துதான்! இரண்டு சார்ஜர் போட்டால் பத்து. மீதி இரண்டுக்குக் கையை நீட்ட வேண்டும். இரண்டாம், நான்காம் கேள்விகளைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த 12-இன் மதிப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

15. தானியங்கித் துப்பாக்கியோடு வருபவர்களுக்கு எதிரே இதை வைத்துக்கொண்டு போலீஸ் என்ன செய்ய முடியும்?

பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் சில காவலர்களிடம் இருந்தது .303தான். எதிரே 30 தோட்டா மேகசின் கொண்ட ஏ.கே. வகைத் துப்பாக்கிகள். அந்த இடைவெளியை இன்னும் இரண்டு தோட்டா கூட வைத்து நிரப்பிவிட முடியாது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303-க்கு முறைப்படி விடை கொடுத்தது.

16. உரிமம் இருந்தால் பத்துத் தோட்டா .303 வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. இந்திய ஆயுதச் சட்டத்தின்படி .303-உம் 7.62-உம் தடைசெய்யப்பட்ட அளவுகளில் வருகின்றன. சாதாரண உரிமத்தில் அவை கிடைக்காது. பொதுமக்களுக்கென்று இஷாப்பூர் தயாரித்த .315 ரைஃபிள் லீ-என்ஃபீல்டின் உடலையே கொண்டது. தோட்டா பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் வகை, மேகசினில் ஐந்து. ஆக இங்கேயும் பெட்டியைச் சுருக்கித்தான் கொடுத்தார்கள். அதற்கும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் அனுமதி இல்லை. வேட்டைக்கு என்று யாராவது சொன்னால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டுங்கள்.

17. இந்தக் காலத்தில் புதிதாகப் பத்துத் தோட்டா போல்ட் ரைஃபிளை யாராவது தேர்ந்தெடுக்கிறார்களா?

கனடா அண்மையில் தேர்ந்தெடுத்திருக்கிறது. வடதுருவப் பகுதிகளில் ரோந்து போகும் கனடிய ரேஞ்சர்கள், பெரும்பாலும் அந்த மண்ணின் பழங்குடியினர், 1947-இல் படை தொடங்கியதிலிருந்து லீ-என்ஃபீல்டு நான்காம் எண் ரைஃபிளைத்தான் வைத்திருந்தார்கள். உதிரிப் பாகம் கிடைப்பது கடினமாகிவிட்டதால் மாற்ற வேண்டிவந்தது. பனிக்கரடி எதிரே வரக்கூடிய இடம், எண்ணெயே உறைந்துபோகும் குளிர். கடுங்குளிரில் கையால் இயக்கும் எளிய போல்ட்தான் நம்பகமானது என்று மறுபடியும் போல்ட் ரைஃபிளையே எடுத்தார்கள். பின்லாந்தின் டிக்கா ரைஃபிளை அடிப்படையாகக் கொண்ட சி-19 அது. பனியில் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பு நிறக் கட்டை, 7.62 தோட்டா, கழற்றி மாட்டும் மேகசின். அதில் பத்து.

பிரிட்டிஷ் ராணுவமும் பத்தை எளிதில் விடவில்லை. லீ-என்ஃபீல்டின் உடலில் செய்த எல்42 குறிபார்த்துச் சுடும் ரைஃபிளிலும், 1980-களில் அதன் இடத்துக்கு வந்த எல்96-லும் பத்துதான். ஒரு மாற்றம் உண்டு: இன்றைய மேகசின்கள் ஒன்றுபோல அச்சாகச் செய்யப்படுவதால் காலியானதைக் கழற்றிவிட்டு நிரம்பியதை மாட்டலாம். ஆறாவது கேள்வி கேட்டவருக்கு நூறு வருடம் கழித்துக் கிடைத்த பதில் இது.

18. அருங்காட்சியகத்திலோ காவல் நிலையத்திலோ ஒரு பழைய ரைஃபிளைப் பார்த்தால் எதில் எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடாமல், விசைக்கு முன்னால் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒன்றும் துருத்தவில்லை, கட்டை சமமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் மாசர் குடும்பம், ஐந்து. முன்பக்கம் சாய்ந்த பெட்டி தொங்கினால் .303 லீ-என்ஃபீல்டு, பத்து. பெட்டி சதுரமாக, செங்கல் முனை போல இருந்தால் பெரும்பாலும் 2ஏ1. பின்கட்டை தொடங்கும் இடத்தில் உள்ள எஃகு வளையத்தின் வலப்பக்கத்தையும் பாருங்கள். அரச மகுடம் இருந்தால் பெரும்பாலும் 1947-க்கு முந்தையது. நான்முகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் வருடமும் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தைய இஷாப்பூர்த் தயாரிப்பு. சாய்ந்த பெட்டியும் இருக்கிறது, ஆனால் குழலின் வாய் வழக்கத்தைவிட அகலமாகவும் வரிப்பள்ளம் இல்லாமலும் தெரிகிறது என்றால், பொறுப்பாளரிடம் போல்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே மரக்கட்டை இருந்தாலும் இருக்கும்.